பரிசீலனையில் உள்ள பெட்டிகள்

சோப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தபோது பெட்டிக்காரி பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, மறுபயன்பாட்டுக் காகித வாரியத்தின் பச்சை முத்திரை இல்லாத, சோப்பை மொத்தமாக அடுக்கி அனுப்பும் பெரிய பெட்டிகளை வாங்குவதற்கில்லை என்று அதில் அச்சடித்திருந்தது. அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பதினோரு வருடமாகப் பழைய காகிதத்தில் செய்த சாம்பல் அட்டையைத்தான் அவள் வாங்குகிறாள், வெட்டுகிறாள், மடிக்கிறாள். அது பழைய காகிதம்தான் என்று இன்னொருவர் வந்து சொன்னால்தான் அது பழையதாகும் என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

வாரியத்தின் பெயரைப் பார்த்ததும் அவள் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அவள் வீட்டுக்காரர் காகித ஆலையின் முற்றத்தில் செத்துப்போனார். கூழாக்குவதற்காக அடுக்கி வைத்திருந்த கழிவுக் காகிதக் கட்டுகள் சரிந்து அவர்மேல் விழுந்தன. தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஆலை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தது. ஆலைகளை மேற்பார்வை செய்கிற வேலையும் அதே வாரியத்துடையதுதான். அதனால் விசாரணை கேட்டு அவளும் நாத்தனாரும் அங்கே ஒரு மனு கொடுத்தார்கள். எழுதியது நாத்தனார், அவள் கையெழுத்து மணிமணியாக இருக்கும். அன்றிலிருந்து வருடத்துக்கு மூன்று முறை வாரியத்திடமிருந்து ஒரு தபால் அட்டை வரும்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' நான்காவது வருடம் அது 'தீவிரப் பரிசீலனை' ஆனது. ஐந்தாவது வருடம் மறுபடியும் வெறும் பரிசீலனைக்கு இறங்கிவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் முத்திரை இல்லாமல் முடியாது. பெட்டி செய்கிற கொட்டகையில் அவளையும் நாத்தனாரையும் சேர்க்காமல் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். சோப்புப் பெட்டி இல்லையென்றால் அந்த நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் போனாள்.

வாரியத்தின் கட்டடம் பெரியது. ஆள் அரவம் இல்லாத நீள நடை. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தும் பேச்சு கேட்கவில்லை, தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது. மூன்றாம் எண் ஜன்னலில் இருந்த எழுத்தர் ஏழு படிவங்களை நீட்டினார். எல்லாம் கண் கூசும் வெள்ளைத் தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சு.

"சார், பழைய காகிதத்துக்குச் சான்று கேக்கறோம். படிவம் மட்டும் புதுக் காகிதத்துல இருக்கே?"

"பழைய காகிதத்துல மை ஊறும்மா. ஆபீஸ் வேலைக்கு அது லாயக்கில்லை. அது பொதுமக்கள் உபயோகத்துக்கு."

பதினான்காவது கேள்வியில் அவள் நின்றுவிட்டாள். 'இவ்வட்டையின் முற்பிறப்பு' என்று போட்டிருந்தது.

"அட்டை ஆகறதுக்கு முன்னாடி அது என்னவா இருந்துச்சுன்னு எழுதணும்," என்றார் எழுத்தர். "சும்மா பழைய பேப்பர்னு எழுதினா திருப்பிடுவாங்க. நோட்டா, செய்தித்தாளா, டிக்கெட்டா, எதுன்னு தெளிவா இருக்கணும்."

"அது எனக்கெப்படி சார் தெரியும்? எல்லாம் அரைச்சுக் கூழாக்கித்தானே வருது?"

"தெரியாதுன்னு எங்களுக்கும் தெரியும். அதனாலதான் ஆய்வாளர் ஒருத்தர் இருக்காரு. அவர் வந்து கண்டுபிடிப்பாரு. அதுக்குள்ள ஒரு மாதிரிப் பெட்டி கொண்டாந்து குடுத்துடுங்க. ஈரம் படாம மூணு சுத்து பிளாஸ்டிக்ல சுத்தியிருக்கணும். அட்டையில சுத்திக் குடுத்தா வாங்க மாட்டோம்."

அவள் பிளாஸ்டிக் சுருள் ஒன்று வாங்கி, பிளாஸ்டிக்குக்கு மாற்றான தன் பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆய்வாளர் நான்காம் நாள் கொட்டகைக்கு வந்தார். கையுறை, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. நான்கு பெண்களையும் எழுந்து ஓரமாக நிற்கச் சொன்னார். மனித மூச்சு பட்டால் அட்டை குழம்பிவிடும் என்றார். முதல் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சரியாக அரைபடாத காகிதத் துணுக்குகள் சாம்பல் நிறத்துக்குள் அங்கங்கே வெள்ளையாகக் கிடந்தன. அட்டை என்றால் அப்படித்தான் இருக்கும். பெட்டிக்காரி அவற்றைப் பார்த்ததே இல்லை என்றில்லை, படித்ததில்லை.

"முற்பிறப்பு, பள்ளிக்கூட நோட்டு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் ஆய்வாளர். "பையன் கணக்குல மோசம்."

புதிதாக வந்த லோடிலிருந்து இரண்டாவது அட்டையை எடுத்தார். பூதக்கண்ணாடி ஒரே இடத்தில் நின்றது. கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் மூன்றாவதை எடுத்தார், நான்காவதை எடுத்தார். கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இது எங்க வாங்கினது?"

"ஆலையிலதான் சார். இந்த மாசம் வந்த லோடு முழுக்க இதுதான். பாதிக்கு மேல பெட்டியே ஆயிடுச்சு."

"இதை யாருக்கும் காட்டாதீங்க. நீங்களும் பாக்காதீங்க. நான் மேல கேட்டுச் சொல்றேன்."

கொண்டுவந்து வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டார்.

பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஆறு பேரும் ஆளுக்கொரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதலில் கண்ணில் பட்டது ஒரு ஊதா முத்திரையின் கால் பாகம். வாரியத்தின் முத்திரை, வருடத்துக்கு மூன்று முறை பார்க்கிற முத்திரைதான். பிறகு எழுத்துகள். நகத்தளவு, கடுகளவு. 'கருணை கூ', 'என் மகள் இன்னு', 'பதில் இல்', 'தங்கள் உண்மை'. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்த வார்த்தை 'ஐயா'. அட்டைக்கு நான்கைந்து ஐயாவாவது தேறும்.

"அண்ணி," என்றாள் நாத்தனார்.

அவள் கையில் இருந்தது ஒரு முடிந்த பெட்டி. மூடியின் உள்பக்கத்தில், மடிப்புக் கோட்டுக்கு அருகில், 'ழுந்த' என்று மூன்று எழுத்து. ழகரத்தின் வால் கீழே வளைந்து, ஒரு கொக்கிபோல மேலே ஏறியிருந்தது.

"ழவை இப்படிப் போடாதேன்னு பள்ளிக்கூடத்துல அடிப்பாங்க. அண்ணன் மட்டும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லும்," என்றாள் அவள். "இது என் கையெழுத்து அண்ணி. 'சரிந்து விழுந்த கட்டுகளுக்கு அடியில்'னு எழுதினேன். இது அந்த 'விழுந்த'."

பெட்டிக்காரி பெட்டியை வாங்கிப் பார்த்தாள். மடிப்புக் கோட்டை அழுத்தியது அவளுடைய மெஷின்தான்.

அதற்குப் பிறகு கொட்டகை பழைய கொட்டகையாக இல்லை. சாயங்காலம் கூரைச் சூடு இறங்கும்போது அடுக்கி வைத்த அட்டைகள் படபடவென்று சிறு சத்தம் போடும். பதினோரு வருடமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தன. யாரும் காதில் வாங்கியதில்லை. இப்போது அந்தச் சத்தம் வந்தால் நான்கு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்கள். கூப்பிட்டுவிட்டு யாரோ பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் தரைக்கு இறங்கினாள். கம்பிப் பின் அடிக்கிற மெஷினில் இருப்பவள், ஒவ்வொரு பெட்டிக்கும் அடிப்பதற்கு முன், "மன்னிச்சுக்கங்க" என்று முணுமுணுத்துவிட்டு அடித்தாள். வேலை பாதியாகக் குறைந்தது. அப்புறம் நின்றே போனது.

பெட்டிக்காரி மறுபடி மூன்றாம் எண் ஜன்னலுக்குப் போய், தன் மனுவின் எண்ணைச் சொன்னாள். எழுத்தர் ஒரு தடித்த பதிவேட்டைப் புரட்டினார். ஒரு விரல் ஒரு வரியில் நின்றது.

"முடிவுங்கற இடத்துல என்ன சார் போட்டிருக்கு?"

எழுத்தர் பதிவேட்டைப் பாதி மூடினார். "மறுபயன்பாடு," என்றார் பிறகு, மிக மெதுவாக. "நீங்க துணை இயக்குநரைப் பாத்துடுங்கம்மா."

துணை இயக்குநர் சிரித்த முகமாக உட்காரச் சொன்னார். மேசைமேல் தேக்கில் செய்த ஒரு சிறிய மரம் இருந்தது. மரங்களைக் காத்ததற்காக வாரியத்துக்குக் கிடைத்த விருதாம்.

"மனுவுக்கு ரெண்டு முடிவுதான் உண்டுன்னு ஜனங்க நினைக்கறாங்கம்மா. ஒண்ணு ஏத்துக்கறது, இல்லைன்னா தள்ளிடறது. ரெண்டுலயும் யாருக்காவது மனக்கஷ்டம். நாங்க மூணாவதா ஒரு வழி கண்டுபிடிச்சோம். இந்த வாரியம் இன்னிவரைக்கும் ஒரு மனுவைக்கூட நிராகரிச்சது கிடையாது. கிழிச்சது கிடையாது. குப்பையில போட்டது கிடையாது. கூழாக்கியிருக்கோம். உங்க மனு வீணாப் போயிடலை, உங்க கைக்கே பெட்டியா வந்திருக்கு. மனு குடுத்தவங்களுக்கே நேரா பலன் போய்ச் சேந்தது எங்க வரலாத்துலயே இதுதான் முதல் தடவை. நீங்க சந்தோஷப்படணும்."

"போன மாசம்கூடப் பரிசீலனையில இருக்குன்னு அட்டை வந்துதே சார்?"

"அதுவும் உண்மைதான். தாள்தான் ஆலைக்குப் போச்சு. பரிசீலனை இங்கேயே இருக்கு."

அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப ஒரு சின்னச் சிக்கல். பரிசீலனையில இருக்கற மனு கழிவு ஆகாது. கழிவு இல்லாத தாள்ல செஞ்ச அட்டைக்கு நான் மறுபயன்பாட்டு முத்திரை குடுக்க முடியாது. சட்டப்படி பாத்தா அது வாரியத்தோட ஆவணம். ஆவணத்தை நீங்க வெட்டி, மடிச்சு, பின் அடிச்சிருக்கீங்க. நான் அதைப் பெரிசு பண்ணலை. 'என் மனு முடிவுற்றது, எனக்கு முழுத் திருப்தி'ன்னு இதுல ஒரு கையெழுத்து. இன்னிக்கே பச்சை முத்திரை. போட இஷ்டமில்லைன்னா பெட்டி எல்லாத்தையும் ஆவணமா இங்க ஒப்படைச்சுடணும். அவ்வளவுதான் விஷயம்."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் தவணை கேட்டு வந்தாள்.

"போட்டுடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணன் திரும்பி வரப்போறதில்லை. இவங்க நாலு பேர் வீட்லயும் அடுப்பு எரியணும்."

"உனக்குச் சரிதானா?"

"எனக்கு என்ன சரி? ஆறு வருஷமா அது எங்கேயோ ஒரு அலமாரியில பத்திரமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். மழை பெஞ்சா அந்த ஆபீஸ் ஒழுகக் கூடாதேன்னு நினைப்பேன். கடைசியில பாத்தா நானே என் கையால அதை மடிச்சு அடுக்கியிருக்கேன்."

பின் அடிக்கிறவள்தான் கேட்டாள்: "முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்துட்டா இதுங்க சத்தம் நின்னுடுமாக்கா?"

அட்டைகள்தான் பதில் சொல்லின.

காலையில் பெட்டிக்காரி வாரியத்தின் தாளை எடுத்து, 'முடிவுற்றது' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு லாரி பிடித்து, இரண்டாயிரத்து நூற்று அறுபது பெட்டிகளை ஏற்றி, வாரியத்தின் வாசலில் இறக்கினாள்.

"என்னம்மா இது?" எழுத்தர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என் மனு சார். ஆவணத்தை ஒப்படைக்கச் சொன்னாங்க. ரசீது குடுங்க."

"உங்களுது ஒரே ஒரு மனுதானே?"

"என்னோடது எந்தெந்தப் பெட்டியில இருக்குன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சா நீங்களே பிரிச்சு எடுத்துக்கங்க. மிச்சம் மத்தவங்களோடது. அவங்களும் பரிசீலனையிலதான் இருக்காங்க."

வாரியத்தின் விதிப்படி ஒப்படைத்த ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு எண், ஒரு ரசீது. எழுத்தர் நான்கு நாள் ரசீது எழுதினார். அவள் நான்கு நாளும் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கினாள். பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆவணத்தின் உருவத்தை மாற்றுவது குற்றம் என்று இன்னொருவர் எடுத்துக்காட்டினார். ஆறு வரிசைக்குமேல் அடுக்கக் கூடாது என்று பாதுகாப்பு விதி வேறு இருந்தது. "ஆறுக்கு மேல போனா சரிஞ்சுடும்மா," என்று எழுத்தர் விளக்கினார். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அன்று முழுக்க அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறு வரிசைதான் என்பதால் பெட்டிகள் பக்கவாட்டில் பரவின. பதிவறை நிரம்பியது, நடை நிரம்பியது, கூட்ட அரங்கு நிரம்பியது. துணை இயக்குநரின் அறையில் அவர் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற வழி மட்டும் மிஞ்சியது.

பிறகு சத்தம் தொடங்கியது. அந்தக் கட்டடத்தில் மூன்று மணிக்குக் குளிர்சாதனத்தை நிறுத்துவார்கள். நிறுத்திய சிறிது நேரத்தில் முதல் மாடி நடையிலிருந்து படபடவென்று கிளம்பும். அறை அறையாக நகர்ந்து கூட்ட அரங்குக்குப் போய், திரும்பி வரும். அட்டை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான் என்று ஆய்வாளர் அறிக்கை கொடுத்துவிட்டு ஒரு மாத மருத்துவ விடுப்பில் போனார். தட்டச்சு செய்யும் அம்மாள் ஒரு நாள் யாரும் கூப்பிடாமலே, "இதோ வரேங்க" என்று எழுந்து நடைவரை போய்த் திரும்பினார். மறுநாள் முதல் அவரும் வரவில்லை.

துணை இயக்குநர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று இரண்டாயிரத்து நூற்று அறுபது சீட்டு அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டச் சொன்னார். ஒட்டினார்கள். அன்று சத்தம் இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டது.

இதற்கிடையில் மாதம் முடிந்தது. சோப்புக் கம்பெனி பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிவிட்டது. பிளாஸ்டிக்குக்கு முற்பிறப்பு கேட்கிற வாரியம் எதுவும் இல்லை. நான்கு பெண்களில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள். பெட்டிக்காரி அவர்களைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டாள். அவளை யாரும் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து தபால் அட்டை வந்தது. அதில் பரிசீலனை என்ற சொல்லே இல்லை. விசாரணை என்று இருந்தது.

துணை இயக்குநரின் அறையில், பெட்டிகளுக்கு நடுவே, நான்கு நாற்காலி போட இடம் செய்திருந்தார்கள். பெட்டிக்காரி, நாத்தனார், எழுத்தர். நான்காவதில் ஆலை முற்றத்தின் பழைய மேஸ்திரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது பேசுவதற்கு அவருக்கு வாய் இருந்தது.

"மனுவைப் படிங்க," என்றார் துணை இயக்குநர்.

"மனு கட்டடம் முழுக்க இருக்கு ஐயா," என்றார் எழுத்தர்.

"சரி, மேஸ்திரி சொல்லட்டும். கட்டு ஏன் சரிஞ்சுது?"

"ஆறு வரிசைதான் அடுக்கணும்ங்க. அன்னிக்குப் பதினாலு வெச்சிருந்தோம். ஒரே வாரத்துல நாப்பது லோடு வந்து இறங்கிடுச்சு. வெக்க இடமில்லை."

"அவ்வளவு எங்கேயிருந்து வந்தது?"

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். "இங்கேயிருந்துதாங்க. வாரியத்துல தூய்மை வாரம்னு சொன்னாங்க. எல்லாம் பழைய மனு. இடம் இல்லை, லோடை நிறுத்துங்கன்னு நானும் ஒரு மனு போட்டேன். பரிசீலனையில இருக்குன்னு அட்டை வந்துச்சு."

எழுத்தரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தவங்க எல்லாம் ஓடினாங்களே, இவர் மட்டும் ஏன் நகரலை?" என்றார் துணை இயக்குநர். இந்த இடத்தில் வழி கிடைக்கும் என்று அவர் நினைத்தது தெரிந்தது.

மேஸ்திரி பெட்டிக்காரியைப் பார்த்துச் சொன்னார். "அவன் படிச்சுக்கிட்டு இருந்தாம்மா. கட்டுக்கு வெளியில ஒரு தாள் நீட்டிக்கிட்டு இருந்துது. உருவிப் படிச்சான். 'மேஸ்திரி, யாரோ ஒரு அம்மா மூணு வாட்டி எழுதியிருக்காங்க, ஒருத்தரும் பிரிச்சே பாக்கலை போலிருக்கு'ன்னான். நான் சத்தம் போட்டேன். ஒரு நிமிஷம், முடிக்கப் போறேன்னான்."

பெட்டிகள் இன்னும் சத்தம் போடத் தொடங்கவில்லை. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதிக்கோங்க," என்றார் எழுத்தரிடம். "பணி நேரத்தில் மனுவைப் படித்ததே விபத்துக்குக் காரணம். மனுவைப் படித்ததால் உயிரிழப்பு நேர்ந்த சம்பவம் இந்த வாரியத்தின் வரலாற்றில் இதுவரை ஒன்றுகூட இல்லை என்பதையும் பதிவு செய்யலாம்."

எழுத்தர் ஒரு சொல் விடாமல் எழுதினார். மேஸ்திரி சொன்ன பதினாலு வரிசை, நாப்பது லோடு, தூய்மை வாரம் எல்லாம் அதற்கு மேலே ஏற்கெனவே மையில் இருந்தன. துணை இயக்குநர் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தபோது அவர் முகம் சுண்டியது. "மேல இருக்கறது வேண்டாம். அடிச்சுடுங்க."

"பதிவானதை அடிக்க விதி இல்லை ஐயா," என்றார் எழுத்தர். சொல்லும்போது அவர் துணை இயக்குநரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

பெட்டிக்காரி அழவில்லை. ஆறு வருடமாக அவள் கேட்க நினைத்த கேள்வி, அவருக்கு வலித்ததா, கூப்பிட்டாரா என்பது. இப்போது வாயில் வந்தது வேறு.

"அந்த அம்மா என்ன எழுதியிருந்தாங்க மேஸ்திரி?"

"ஆலைத் தண்ணி அவங்க கிணத்துல கலக்குதாம். குடிக்கற பிள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் புண்ணு வருதாம். அவன் வாய் விட்டுத்தான் படிச்சான், பாதி எனக்கு மனப்பாடம். இன்னிக்கும் காதுல கேக்குது."

"அந்தத் தாள்?"

"எடுக்கறப்போ அவன் கையிலதாம்மா இருந்துது. அப்புறம் அதையும் கட்டுல சேத்துட்டோம்." மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிம்மா," என்றார் துணை இயக்குநர். "விசாரணை நடந்துடுச்சு. கட்டு உயரத்துக்கும் ஆலைக்கு உத்தரவு போட்டுடறேன், ஆறு வரிசைதான். இப்பவாவது முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போடுங்க. இந்தப் பெட்டிங்களை நான் வெளியில அனுப்பணும்."

"போடறேன் சார். அதுக்கு முன்னாடி இன்னொரு மனு எழுதணும். அந்த அம்மாவோடது."

"பேர் தெரியுமா? ஊர்? பேரில்லாத மனுவை வாரியம் வாங்காது."

பெட்டிக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தன் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத்தரிடம் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"என் பேர்லயே எழுதும்மா," என்றாள் பெட்டிக்காரி. "மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. முதல் வரியிலேயிருந்து சொல்லுங்க."

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். "ஐயா," என்று ஆரம்பித்தார்.